காஞ்சிபுரத்தில் ஒரு பொட்டு வைத்த கேமரா

கேமராவுக்குப் பொட்டு வைத்த குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும். வைத்தவள் என் மனைவி தேவகி. கேமராவின் மேல்பக்கத்தில், கட்டைவிரல் படுகிற இடத்தில், ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதைத்தான் திருக வேண்டும். அதில் பூஜ்யம் போட்டிருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள்.

"இந்தப் பொட்டு கோட்டுக்கு நேரா இருக்கணும். கீழ போச்சுன்னா படம் இருட்டாயிடும், மேல போச்சுன்னா வெளுத்துப் பூடும். வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லி, ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அதை என் கழுத்தில் மாட்டினாள். கிடாவுக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

உண்மையில் போக வேண்டியவள் அவள்தான். பிறந்த ஊர் சின்ன காஞ்சிபுரம். என்னைக் கட்டிக்கொண்டு மலேசியா வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு வைகாசியும் "இந்த வருசம் கருட சேவைக்குப் போயிடணும்" என்பாள். ஒவ்வொரு வைகாசியும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து நிற்கும். மகனுக்குப் பரீட்சை, என் அம்மாவுக்குப் படுக்கை, எனக்கு ஒர்க்‌ஷாப்பில் ஆள் இல்லை. இந்த வருஷம் எல்லாம் கூடி வந்தது. மகன் அவளுக்கென்று இந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தான். உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன வகையாம், மிரர்லெஸ் என்கிறார்கள். தேவகி சமையலறையில் கத்தரிக்காயையும் என் வழுக்கையையும் மாற்றி மாற்றி எடுத்து அதைக் கரைத்துக் குடித்துவிட்டாள். கிளம்ப வேண்டிய நேரத்தில் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, விமானமெல்லாம் நினைத்தும் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. மறுநாள் காலை கோப்பி கலக்கிக்கொண்டே, "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். "எனக்கு ஒரே ஒரு படம் போதும். பெருமாள் கருடன் மேல ஏறி கோபுர வாசலுக்கு வந்து நிப்பாரு. அந்த நிமிசம். வேற எது வரலன்னாலும் பரவால்ல, அது மட்டும் வேணும்."

எங்கள் குலதெய்வம் முனீஸ்வரர். சுருட்டுப் பிடிக்கிறவர். பெருமாளுக்கும் எனக்கும் பெரிய பழக்கம் கிடையாது. நான் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணுக்குத் தெரியாததை நம்பமாட்டேன், கையில் எண்ணெய் படாததை மெஷின் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். இதையெல்லாம் வைத்து முப்பது வருஷமாக அவளைக் கேலி செய்திருக்கிறேன். ஆனாலும் அவள் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. மகனையும் மருமகளையும் அவளோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காஞ்சிபுரத்தில் வந்து இறங்கியதும் முகத்தில் அடித்தது வெயில். எங்கள் ஊரிலும் வெயில் உண்டு, ஆனால் மாலையானால் ஒரு மழை பெய்து மன்னிப்புக் கேட்டுவிடும். இங்கே அந்த மரியாதையெல்லாம் இல்லை. தேவகியின் தம்பி கோபி தன் ஷேர் ஆட்டோவோடு வந்து நின்றான். அவன் மனைவி மல்லிகா வீட்டிலேயே தறி போட்டிருக்கிறாள். வாசலில் இருவரையும் நிற்கவைத்து முதல் படத்தை எடுத்தேன். திரையில் பார்த்தால் அமாவாசை. கோபியின் பல் மட்டும் தெரிந்தது.

"மாமா, நாங்க இவ்ளோ கருப்பா?" என்றான் கோபி.

பொட்டைப் பார்த்தேன். கோட்டுக்கு நேராக இல்லாமல் எங்கேயோ அடியில் கிடந்தது. பையில் உரசி உரசிச் சக்கரம் தானாகத் திரும்பியிருக்கிறது. அந்தச் சக்கரத்துக்குப் பூட்டு இல்லை. இவ்வளவு யோசித்துச் செய்தவனுக்கு ஒரு சின்னக் கொக்கி வைக்கத் தோன்றவில்லையே என்று என் தொழில் புத்தி திட்டியது. பொட்டை நேராக்கி மறுபடி எடுத்தேன். இரண்டு பேரும் மனுஷர்களாக வந்தார்கள்.

மறுநாள் காலை மல்லிகா கோயில் இட்லி வாங்கி வந்திருந்தாள். மந்தார இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து, துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் நாக்கில் தனித்தனியாக வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. ஈப்போவில் ரொட்டி சானாய்க்கு மீன் குழம்பு ஊற்றிப் பழகிய வாய்க்கு முதல் துண்டு மருந்து மாதிரிதான் இருந்தது. மூன்றாவது துண்டில் கட்சி மாறிவிட்டேன்.

"நல்லா பசியாறினேம்மா" என்றேன்.

மல்லிகா சிரித்துவிட்டாள். "அண்ணா, அக்காவும் போன்ல இப்படித்தான் கேக்கும், பசியாறிட்டியான்னு. நாங்க டிபன் சாப்ட்டியான்னுதான் கேப்போம்."

கருட சேவைக்கு இன்னும் சில நாள் இருந்ததால் அதற்குள் கையைப் பழக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முதலில் மல்லிகாவின் தறி. கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க இடது மூலையில் சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. கண்ணை அதில் வைத்தால் என் மூக்கு பின்பக்கத் திரையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதுவோ தொடுதிரை. என் மூக்கும் சாதாரண மூக்கு இல்லை. மூக்கு பட்ட இடத்துக்கெல்லாம் ஃபோகஸ் ஓடியது. மல்லிகாவை எடுத்தால் அவள் புகையாக வந்தாள், பின்னால் இருந்த தண்ணீர்க் குடம் பளிச்சென்று வந்தது. தலையைச் சாய்த்து, வலது கண்ணை விட்டு இடது கண், இடது கண்ணை விட்டு வலது கண் என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கோபியைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மாமா. 'பாவம், அந்த ஆளுக்குக் கழுத்து சுளுக்கு போல'ன்னு பேசிக்கினு இருக்குதுங்க."

ஜன்னலை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தே எடுக்கத் தொடங்கினேன். தறியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிறது. நான் பொத்தானை அழுத்துவதற்குள் அது அக்கரை போய்விடுகிறது. படத்தில் ஒரு கோடுதான் மிச்சம்.

"இன்னாண்ணா, எங்க நாடாவே உங்க பொட்டிக்கு ஆட்டம் காட்டுதே. கருடன் வந்தா இன்னா செய்வீங்க?" என்றாள் மல்லிகா, காலும் கையும் நிற்காமல்.

கேலி செய்வது என் வேலை. இந்த வீட்டில் அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அன்று மாலை கோபியைத் தெருவில் நிற்கவைத்து ஒரு சோதனை. இந்தக் கேமரா மனித முகத்தைத் தானே கண்டுபிடித்துச் சதுரம் போடும் என்று மகன் சொல்லியிருந்தான். போட்டது. கோபியின் முகத்தில் இல்லை, அவனுக்குப் பின்னால் சுவரொட்டியில் கும்பிட்டுக்கொண்டிருந்த அரசியல்வாதியின் முகத்தில். நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் சதுரம் அவரை விடவில்லை.

"அதுக்கும் தெரிஞ்சிருக்குது மாமா, தெருவுல யாரு பெரிய ஆளுன்னு" என்றான் கோபி.

இரவு தேவகி வீடியோவில் வந்தாள். நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "குடம் நல்லா வந்திருக்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே. முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டது எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம். இதையும் கோட்டைவிட்டால் என்ன முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று அன்று தூக்கமே வரவில்லை.

அடுத்த நாள் ஓரிக்கை வரை போய்ப் பாலாற்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கோபி கூப்பிட்டான். பாலாற்றில் மணல் ஓடியது. எங்கள் கிந்தா ஆற்றில் கலங்கலாவது ஓடும். திரும்பும் வழியில், சவாரிக்கு ஆட்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து, ஆட்டோவின் கிளட்ச் கேபிள் அறுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் கோபியின் பரம்பரையை விசாரிக்க ஆரம்பித்தார்கள். நான் கேமராவைக் கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிவிட்டுக் கீழே குனிந்தேன். சீட்டுக்கு அடியில் மாற்றுக் கேபிள் இருந்தது. அதை மாட்டி, இழுத்து, திருகி, வண்டியைக் கிளப்பிவிட்டேன். கிளட்ச் எனக்குப் புரிகிற பாஷை. அந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக என்னை ஒருவர் மரியாதையாகப் பார்த்தார்.

வீடு வந்து கை கழுவிவிட்டுக் கேமராவை எடுத்தேன். பொட்டைக் காணோம்.

வெயிலா, வியர்வையா, கம்பியில் ஆடியதா, தெரியாது. வாசல், ஆட்டோ, சட்டைப் பை, சக்கரத்தின் இடுக்கு எல்லாம் தேடினேன். ஒரு ஸ்டிக்கர் பொட்டுக்காக ஒரு கிழவன் தெருவில் குனிந்து தேடுவதை நினைத்துப் பாருங்கள். சக்கரத்தில் எண்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. கண்ணாடி போட்டாலும் எனக்கு அவை எறும்பாகத்தான் தெரிந்தன. அதற்காகத்தானே அவள் பொட்டு வைத்தாள். அவள் விரல் பட்ட பொட்டு போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவளிடம் சொல்லவும் பயம்.

மல்லிகா தன் பொட்டு அட்டையைக் கொண்டுவந்தாள். "எதுக்குண்ணா இவ்ளோ துக்கம்? இங்க சைபர் இருக்குது. இங்கதானே வெக்கணும்?" என்று ஒரு மெரூன் பொட்டை வைத்து அழுத்திக் கொடுத்தாள்.

உற்சவம் தொடங்கியது. தெருவே வேறு தெருவாகிவிட்டது. பந்தலில் நீர்மோரும் பானகமும் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் பானகத்தில் விழுந்துவிட்டேன். முதல் நாள் மாலை சிம்ம வாகனம். ஒத்திகை பார்க்கலாம் என்று கூட்டத்தில் நின்றேன். முன்னால் தலைகள். கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். திரையைக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம், அது நல்ல வசதி. ஆனால் பெருமாள் நேராக வரும்போது திரை அணைந்துவிட்டது. இறக்கினால் எரிகிறது. தூக்கினால் அணைகிறது. அதற்குள் சிங்கம் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை தேவகிக்கு டயாலிசிஸ். நாற்காலியில் சாய்ந்தபடி என் புகாரைக் கேட்டாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"கழுத்து வார் தொங்குதா?"

"தொங்குது."

"அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல ஒரு கண்ணு இருக்குது. எது எதிர வந்தாலும் நீங்கதான் மூஞ்சிய வெச்சுட்டீங்கன்னு நெனச்சுக்கினு திரைய அணைச்சுடும். வாரைக் கையில சுத்திக்கோங்க. மெனுவுக்குப் போங்க. மூணாவது பக்கம். கண்ணு படம் போட்ட வரி இருக்கும், அத அமுத்துங்க. 'திரை மட்டும்'னு வெச்சுடுங்க."

கேமரா என் கையில். அவள் கையில் ஊசி. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். எல்லாம் அவள் சொன்ன இடத்தில் இருந்தது.

"அப்புறம், நின்னுக்கினே இருந்தா அது தூங்கிடும். அப்பப்போ பொத்தானைப் பாதி அமுத்தி உசுப்பி விடுங்க. முழுசா அமுத்தாதீங்க."

"உன்ன மாதிரியே இருக்கு."

"நான் தூங்கறனா, நீங்க தூங்கறீங்களா?" என்றாள். சிரித்தாள். சிரித்ததும் மூச்சு வாங்கியது. நர்ஸ் பெண் ஏதோ சொல்ல, போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை சூரியப் பிரபை. தங்கவட்டத்தின் நடுவே பெருமாள். திரை அணையவில்லை, கேமரா தூங்கவில்லை, மூக்கும் குறுக்கே வரவில்லை. படம் மட்டும் வெளுத்துவிட்டது. சுற்றிலும் இருட்டு. இருட்டைப் பார்த்துப் பயந்துபோய்க் கேமரா எல்லாவற்றையும் வெளிச்சமாக்குகிறது. பெருமாள் முகம் மாவு பூசிய மாதிரி வந்தது. சரி, தேவகி என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று சக்கரத்தைக் கழித்தல் பக்கம் ஒரு கட்டம் திருகினேன். தங்கம் தங்கமாக வந்தது. இன்னொரு படம் எடுத்தேன். கண்ணும் மூக்கும் திருமண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அடடா என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவிடம் அந்த மெரூன் பொட்டைப் பூஜ்யத்திலிருந்து எடுத்துக் கழித்தல் ஒன்றில் வைக்கச் சொன்னேன்.

கருட சேவை. மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே கோபி என்னை எழுப்பிக் கோபுரத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினான். மூடியிருந்த ஒரு கடையின் படிக்கட்டு, ஒரு ஆள் உயரம் கூடுதல். "இங்கியே நில்லுங்க மாமா, நவுறாதீங்க. நான் வண்டியை அந்தாண்ட போட்டுட்டு வந்துடறேன்" என்று போனவன் போனவன்தான். அந்தக் கூட்டத்தில் அவன் எப்படித் திரும்பி வருவான்? தெரு முழுக்கத் தலை. கைக்குழந்தையோடு வந்தவர்கள், தோளில் தூக்கி வந்தவர்கள், எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து ராத்திரியே இடம் பிடித்தவர்கள். பத்துமலையில் தைப்பூசக் கூட்டம் பார்த்தவன் நான். அங்கே கூட்டம் நகரும், இங்கே கூட்டம் ஒரே இடத்தில் நின்று ஒரே பக்கம் பார்த்தது.

வாரைக் கையில் சுற்றினேன். பொட்டு கோட்டுக்கு நேராக இருந்தது. பொத்தானைப் பாதி அழுத்தி அழுத்தி அதை உசுப்பிவிட்டுக்கொண்டே இருந்தேன். எத்தனையோ லாரி இன்ஜினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், எதற்கும் இப்படிப் பயந்ததில்லை.

வேட்டுச் சத்தம். நாதஸ்வரம். தீவட்டி வெளிச்சம் கோபுரத்தின் உட்சுவரில் ஏறியது. முதலில் குடைகள் தெரிந்தன. அப்புறம் கருடனின் இறக்கை. அப்புறம் அவர். "வரதா!" என்று தெரு முழுக்க ஒரே குரல் எழுந்தது. கேமராவைத் தூக்கினேன். திரை எரிந்தது. சதுரம் நேராகப் பெருமாள் முகத்தில் போய் உட்கார்ந்தது, சுவரொட்டியில் இல்லை. வாசலுக்கு வந்து நின்றார். பொத்தானை அழுத்தினேன்.

அதே நொடியில் பெரிய குடைகள் சரிந்து அவரை மறைத்துவிட்டன.

விரலை எடுக்கவில்லை. கேமரா டக்டக்கென்று எடுத்துத் தள்ளியது. எல்லாவற்றிலும் குடை. பட்டுக் குடை, ஜாலர், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ், குடைக்காரரே! குடையை ஒதுக்குய்யா! மறைக்குது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, எக்கி எக்கிப் பார்க்கவில்லை. எல்லோரும் கை கூப்பி, மறைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். எனக்குக் கீழே நின்ற பச்சைப் புடவை அம்மா ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னாபா இப்டிக் கத்துற? செத்த சும்மா இரு. அவரு இப்ப இங்க இல்லபா" என்றாள்.

இங்கே இல்லையாமே! இப்போதுதானே பார்த்தேன். கேட்பதற்குள் குடை விலகியது, கூட்டம் கடலாகப் பொங்கியது, யாரோ என் முழங்கையை இடித்தார்கள். அதற்கப்புறம் எடுத்த படங்களில் ஒன்றில் வானம், ஒன்றில் யாருடைய கூப்பிய கைகளோ, ஒன்றில் என் செருப்பு.

விடிந்ததும் ஊர்வலத்தின் பின்னால் ஓடினேன். பெருமாள் பெரிய காஞ்சிபுரம் கங்கைகொண்டான் மண்டபம் வரை போவார், வழியெல்லாம் நிற்பார். வெயிலில் சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, நல்ல நல்ல படங்களாக எடுத்தேன். கருடனின் அலகு முதல் மாலையின் துளசி வரை எல்லாம் தெளிவாக வந்தது. ஆனால் அவள் கேட்டது அது இல்லையே. மதியம் வீடு திரும்பி, பானகத்தைக்கூடத் தொடாமல் உட்கார்ந்தேன். கோபி வந்தான்.

"குடையைக் கொண்டாந்து நேரா மறைச்சுட்டானுங்க கோபி."

"அது எப்பவும் செய்றதுதானே மாமா" என்றான், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "அக்கா சொல்லலியா?"

சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி, எவனும் எடுத்துச் சொல்ல மாட்டான். மேற்கொண்டு அவனைக் கேட்கவும் எனக்கு மனசில்லை. வெயிலில் எடுத்ததில் மிக நல்ல படமாகப் பொறுக்கி தேவகிக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"அழகா இருக்குது. வாசல்ல எடுத்தது எங்க?"

"அது சரியா வரலம்மா."

"வரலன்னா?"

"குடைதான் வந்திருக்கு. வெறும் குடை. சாமி தெரியல. மன்னிச்சுக்கோ தேவகி, நீ கேட்ட ஒண்ணே ஒண்ணு..."

"குடை நல்லா தெரியுதா?"

"தெரியுது. அது மட்டும்தான் தெரியுது."

"அனுப்புங்க. அதான் எனக்கு வேணும்."

அனுப்பினேன். அவள் படத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"சோளிங்கர்ல ஒருத்தர் இருந்தாராம், எந்தக் காலமோ. வருசா வருசம் கருட சேவைக்கு வந்துடுவாராம். ஒரு வருசம் உடம்புக்கு முடியல. அங்கியே கொளத்தங்கரையில நின்னுக்கினு அழுதாராம், இன்னேரம் கோபுர வாசலுக்கு வந்திருப்பாரே, என்னால பாக்க முடியலியேன்னு. பெருமாள் கருடனோட அங்க போய் அவருக்கு மூஞ்சியக் காட்டிட்டு வந்தாராம். அந்த நேரம் இங்க வாசல்ல அவரு இல்லல்ல? அதான் குடையால மறைக்கிறாங்க, இன்னி வரைக்கும். வர முடியாதவங்களுக்குன்னு வெச்ச நிமிசம்ங்க அது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா இன்னா கேப்பீங்க? முனீஸ்வரனும் சுருட்டோட பின்னாடி உக்காந்து வந்தாரான்னு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். அட்சரம் பிசகாமல் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நேத்து பாதியில நின்னுடுச்சுன்னு இன்னிக்குக் காலைலயும் என்ன ஊசி போட்டு உக்கார வெச்சுட்டாங்க" என்றாள். "கடியாரத்தைப் பாத்தேன். அங்க விடியற நேரம். இப்ப வாசலுக்கு வந்திருப்பாரு, நீங்க தூக்கிப் புடிச்சுக்கினு நிப்பீங்கன்னு நெனச்சேன். கண்ண மூடிக்கினு இருந்தேன்."

"வந்தாரா?" என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை.

"நீங்க அங்க குடையப் படம் எடுத்துக்கினு இருந்தீங்களே, அப்ப அவரு வேற எங்க போவாரு?" என்றாள்.

நான் மல்லிகாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். மல்லிகா நாடாவை நிறுத்திவிட்டு, ஒரு சொம்பு பானகம் கொண்டுவந்து வைத்தாள்.

ஈப்போ திரும்பியதும் தேவகி முதலில் கேமராவைத்தான் வாங்கிப் பார்த்தாள். "நான் வெச்ச பொட்டு இது இல்லியே. எடமும் மாறியிருக்குது" என்றாள். நடந்ததைச் சொன்னேன். மெரூன் பொட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கழித்தல் ஒண்ணு. சரியாத்தான் வெச்சிருக்கீங்க" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். இவ்வளவு தூரம் போய்க் குடையை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்களே, சாமி எங்கே என்று கேட்கிறார்கள். தேவகி சிரிப்பாளே தவிர வாய் திறப்பதில்லை. பதில் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

"அந்த நேரம் அவர் அங்கே இல்லை. ஈப்போவுக்கு வந்திருந்தார்" என்கிறேன்.